தலைப்பு கொடுத்தவன் வாசலில் நின்ற கதை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் மிச்சம் மீதி மரியாதையாவது தேறும். வயதுவந்தவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த முதல் நாள், திண்டிவனத்தில் ஒரு மாலை வகுப்பில், கரும்பலகையில் கொட்டை எழுத்தில் நான் எழுதிப்போட்ட விவாதத் தலைப்பு இது: 'எனக்குப் பிடித்த விடுமுறை'.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? இட்லிக் கடை சரோஜாக்கா, வளைகுடா நாட்டில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய காதர் பாய், நர்சிங் ஹோம் ஆயாக்கள், கொத்தனார்கள், மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, தூக்குகிறவர்கள். நாள் முழுக்க வேலை செய்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சரோஜாக்காதான் பரிதாபப்பட்டார்.

"ஆலிடேன்னா லீவுதான சார்? மழ பேஞ்சா எங்களுக்கு லீவு. அன்னிக்கு மாவு புளிச்சிப் பூடும். அது எப்பிடி சார் பிடிக்கும்?"

நான் அசந்தேனா? இல்லை. மறுநாள் தலைப்பு: 'நீங்கள் கண்டு மகிழ்ந்த மலை ஊர்'. நான் கண்டு மகிழ்ந்த மலை செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். அதிலும் பாதி ஏறி, மூச்சு வாங்கி, குரங்கிடம் முறுக்கைப் பறிகொடுத்துவிட்டு இறங்கியவன். அப்படிப்பட்டவன் அடுத்தவரிடம் மலை ஊர் கேட்கிறேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். வகுப்பை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் அவளுக்கு ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்களாம். பொத்தானை அழுத்தினால் அது வாரா வாரம் ஒரு விவாதத் தலைப்பைத் துப்பும்.

"இந்த வாரம் 'செல்லப் பிராணிகள் மன அழுத்தத்தைக் குறைக்குமா'ன்னு வந்திருக்கு சார். கிளாஸே கம்முனு இருக்கு. ஒருத்தர் மட்டும் 'மாட்டைச் சொல்றீங்களா மேடம்?'னு கேட்டாரு. நீங்க எந்தத் தலைப்பு குடுத்துப் பேச வெச்சீங்க?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் என் வீட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு உட்கார்ந்து பேச வராது. நின்று பேசவும் வராது. என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "உக்காந்து பேசுங்களேன். மொசைக் தரை தேயுது."

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே மாடியில் நடந்தது. கூச்சம் போகவேண்டும் என்று எங்களை வட்டமாக நிற்கவைத்து ரப்பர் பந்து எறியச் சொன்னார்கள். பந்து கையில் விழுந்தவர் பேசவேண்டும். என்னிடம் வந்த பந்தை நான் பதற்றத்தில் ஓங்கி வீச, அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டு போனதில் அன்றைய பயிற்சி முடிந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள்.

உண்மையான பயிற்சி ரெஜினா மேடத்திடம்தான். திண்டிவனம், விழுப்புரம் மையங்களுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரிப்பார். வகுப்பு நடக்கும்போது வாயே திறக்கமாட்டார். படிக்க வந்தவர்களில் ஒருவர் முதல்முறையாக வாயைத் திறந்தால் ஒரு மல்லாட்டையை உடைப்பார். பருப்பு வாய்க்கு, தோல் மேசைக்கு. இன்னொருவர் பேசினால் இன்னொன்று. நான் பேசும்போது உடைக்கமாட்டார். என் முதல் மாதத்தில் அந்த அம்மாள் பட்டினி கிடந்திருக்கிறார்.

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு மேசையைக் காட்டுவார். இந்தப் பக்கம் நாலைந்து தோல். அந்தப் பக்கம் உடைக்காத மல்லாட்டைக் குவியல்.

"தாமோதரன், இவ்ளோ மீந்து போச்சு. உங்க புண்ணியம்."

நான் நின்றுகொண்டே காரணம் அடுக்குவேன்.

"உக்காருங்க, தாமோதரன்."

உட்கார்ந்தால் சொல்வார். அவர் முறை எளிமையானது, எனக்குத்தான் மண்டையில் ஏறக் காலம் பிடித்தது. பதில் உனக்கே தெரிந்த கேள்வியைக் கேட்காதே. முதலில் தமிழில் பேசட்டும், வாக்குவாதம் வந்தால் வரட்டும். நம் ஊர்க்காரர்கள் தமிழில் பேசினால் வாக்கியத்துக்கு ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை தானாகவே வந்து விழும்: டூட்டி, டோக்கன், லோடு, ஷிப்ட், அட்வான்ஸ். அதை அப்படியே பலகையில் ஆங்கில எழுத்தில் எழுது. "நாக்குல இருக்கற இங்கிலீஷைக் கண்ணுக்குக் கொண்டு வர்றதுதான் உங்க வேலை" என்பார். மறுநாள், அவர்கள் பேசியதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதிப்போட்டு வாசிக்க வை. நேற்று தான் போட்ட சண்டை இன்று பலகையில் இருந்தால் எவருக்கும் படிக்கத் தோன்றும்.

இதையெல்லாம் விட ஒன்றை அழுத்திச் சொல்வார். "முடிவு சொல்லாதீங்க. பேச்சு பாதியில நிக்கட்டும். மீதியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. நாளைக்குத் திரும்பி வருவாங்க."

மற்றதெல்லாம் வந்துவிட்டது. 'கரண்ட் எப்போது போகிறது', 'கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது', 'பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவது சரியா' என்றெல்லாம் தலைப்பு போட ஆரம்பித்தேன். துண்டு விவகாரத்தில் இரண்டு கொத்தனார்கள் பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விட்டார்கள். மேடம் பொட்டலத்தைக் காலி செய்தார். ஆனால் முடிவு சொல்லாமல் இருப்பது மட்டும் எனக்கு வரவில்லை. கொதிக்கிற பாலுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கிற ஆள் நான்.

அந்த வகுப்பில் ஒருவர் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை. வல்லம் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு திண்டிவனத்துக்கு வந்துவிட்டவர். டவர் கிரேன் ஓட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடத்தில் வேலை. காலையில் ஏணி பிடித்து ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். மேலே பேச்சுத் துணைக்குக் காக்கா. நாள் முழுக்கக் காதில் விழுவது வாக்கி டாக்கியில் கீழே நிற்கும் சிக்னல்காரர் சொல்லும் 'தூக்கு', 'எறக்கு', 'நில்லு'. அந்த மூன்று சொல்லுக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை, செய்தால் போதும். அந்தப் பழக்கம் கீழே இறங்கிய பிறகும் அவரை விடவில்லை.

அவருக்கு வளைகுடாவில் கிரேன் வேலைக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. விழுப்புரத்தில் நேர்முகத் தேர்வு. பாதுகாப்புப் பலகைகளையும் ஒரு சின்னப் பத்தியையும் ஆங்கிலத்தில் உரக்க வாசித்து, என்ன புரிந்தது என்று சொல்லவேண்டும். எழுத்தெல்லாம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நான் பலகையில் ஒரு சொல்லைக் காட்டினால் சரியான படத்தைத் தொட்டுக் காட்டுவார். உரக்க வாசியுங்கள் என்றால் சிரிப்பார். அழகான சிரிப்புதான். சிரித்துக் காட்டினால் வேலை கொடுப்பார்களா?

முன் பெஞ்சில் அஞ்சலை. நர்சிங் ஹோமில் ஆயா வேலை. துடுக்கான பேச்சு, கேள்வி மேல் கேள்வி. சேர்ந்த அன்று எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "வூட்டுல ஒருத்தரு வெளிநாடு போவலாம்னு இருக்காரு சார். அங்க போர்டுல இன்னா எழுதி வெச்சிருக்குதுன்னு இங்கயும் ஒருத்தருக்குத் தெரியணும்ல?" என்றார். யாரோ தம்பி போகிறான் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டு, நானே தலையாட்டிக்கொண்டேன்.

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ஏழுமலையும் அஞ்சலையும் கணவன் மனைவி. வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், ரெஜினா மேடத்துக்குத் தெரியும், எதிர் டீக்கடைக்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அவர் சைட்டிலிருந்து பைக்கில் வருவார், இவர் ஷிப்ட் முடித்து நடந்து வருவார். அவர் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்ச், இவர் பெண்கள் பக்கம் முன் பெஞ்ச். வகுப்பு முடிந்ததும் முக்கில் அவர் வண்டியோடு நிற்க, இவர் ஏறிக்கொள்வார். அதை நான் பார்த்ததே இல்லை. விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க நான் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பட்டிமன்ற ஆசை பிடித்தது. பண்டிகை நாளில் டிவியில் நடுவர் நடுவில் உட்கார்ந்து மணியடிப்பதைப் பார்த்துப் பார்த்து, நமக்கு என்ன குறைச்சல் என்று தோன்றிவிட்டது. வீட்டுப் பூஜை மணியை மனைவிக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். தலைப்பு: 'வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, வேண்டாமா?' குறும்பாக இருக்கட்டும் என்று பெண்களைப் 'போகலாம்' அணியிலும் ஆண்களை 'வேண்டாம்' அணியிலும் போட்டேன். கடைசி பெஞ்சில் ரெஜினா மேடம் பொட்டலத்தைப் பிரித்தார்.

சரோஜாக்கா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நடுவர் அவர்களே! போவட்டும். போனாத்தான் இங்க இட்லி எப்பிடி இருந்திச்சின்னு தெரியும்." கைதட்டல்.

காதர் பாய் எழுந்தார். "போயிட்டு வந்தவன் சொல்றேன். அங்க காசு கீது, மணலு கீது, பேச ஆளு இல்ல. ஒரே பேஜாரு."

அடுத்து அஞ்சலை.

"போவட்டும் சார். இங்க இருந்து மட்டும் இன்னா? வந்தா சோறு, படுத்தா தூக்கம். வாயில முத்து வெச்சிக்கினு இருக்கற மாதிரி இருக்காரு. அங்க போனா போனாவது பண்ணுவாரு. போனைப் பண்ணிட்டுச் சும்மா இருக்க முடியாதுல்ல?"

எல்லாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். அஞ்சலையின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அங்க பெல்ட்டு போடாம மேல ஏற உட மாட்டாங்களாமே. காத்தடிச்சா வேலையை நிறுத்திடுவாங்களாமே. இங்க காத்தடிச்சா நான்தான் பெட்ஷீட்டைத் தூக்கிக்கினு மாடிக்கு ஓடறேன். காயப்போடறதுக்கு இல்ல. கிரேனு நிக்குதா, ஆடுதான்னு பாக்கறதுக்கு. எத்தினி நாளு சார் பாத்துக்கினே இருக்கறது? போவட்டும்."

கடைசி பெஞ்ச் கிறீச்சிட்டது. ஏழுமலை எழுந்து நின்றார். மாதக்கணக்கில் கேட்காத குரல், துருப்பிடித்த கேட் மாதிரி திறந்தது.

"மேல இருந்து எல்லாம் தெரியும் சார். ஏரி தெரியும், ரயிலு தெரியும். மத்தியானம் நர்சிங் ஹோம் மாடியில வெள்ளையா பெட்ஷீட்டு தெரியும். அது தெரிஞ்சா சரின்னு இருக்கும். அங்க போயி மேல ஏறி… இன்னாத்தப் பாக்கறது?"

மேடம் மல்லாட்டையை விரலிடுக்கில் பிடித்திருந்தார். உடைக்க மறந்துவிட்டார்.

அஞ்சலை முன் பெஞ்சிலிருந்து முழுக்கத் திரும்பினார். "பாத்துக்கினா இருந்த? ஒரு தபா கையாட்டறதுக்கு இன்னா?"

"ரெண்டு கையும் லீவருல இருக்குதுல்ல."

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்: பெல்ட், பெட்ஷீட், லீவர். என் காதில் சொற்கள்தான் விழுந்தன, பேச்சு விழவில்லை. போதாததற்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. கால் பரபரக்கிறது. மணியை எடுத்தேன். அடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து மேடத்தின் இருமல் வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்ததில், குடும்பத்தின் நலன் கருதி, தாராளமாகப் போகலாம் என்றே தீர்ப்பளிக்கிறேன்!"

கைதட்டினார்கள். ஏழுமலை உட்கார்ந்தார். வாய் மூடிக்கொண்டது. வேலை முடிந்து கேபின் கதவைச் சாத்துகிற மாதிரி.

விழுப்புரம் பஸ்ஸில் மேடமும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. பிறகு கேட்டார்.

"அஞ்சலை எங்க வேலை செய்யறாங்க?"

"நர்சிங் ஹோம் மேடம்."

"ஏழுமலை?"

"கிரேன் மேடம்."

"ரெண்டு பேரும் எங்க இருக்காங்க?"

"திண்டிவனம் மேடம்."

"ஒரே வீட்டுல."

ஓடுகிற பஸ்ஸில் நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் திரும்பி, "இன்னா சார், எறங்கணுமா? இங்க ஸ்டாப்பிங் கெடையாது" என்றார்.

"உக்காருங்க, தாமோதரன்" என்றார் மேடம். "அந்தம்மா இத்தனை வருஷமா கேக்கணும்னு இருந்ததைக் கேட்டாங்க. அந்த மனுஷன் பதில் சொல்லத் தொடங்கினாரு. நடுவுல நீங்க மணியடிச்சீங்க. தீர்ப்பு வந்த பிறகு யாரு பேசுவா?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. மல்லாட்டைப் பொட்டலத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினார். எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் வகுப்புக்கு இருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வருகைப் பதிவில் அந்த இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், ஏதோ நான் கூப்பிடுவது போதாததால்தான் அவர்கள் வராதது போல. பாடம் நடத்தும்போது கதவைப் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிக் கிரேனைப் பார்த்தேன். கிரேன் ஆடியது, சுற்றியது, தூக்கியது. அதற்கென்ன, அது பேசவா போகிறது? வீட்டில் மணி காணாமல் போன விவகாரம் வெளியே வந்து, நடந்ததை மனைவியிடம் சொன்னேன். "சாமிக்கு அடிக்கற மணியை எடுத்துட்டுப் போயி ஒரு குடும்பத்துக்கு அடிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். "நடக்காம சொல்லுங்க" என்றாள். நடக்காமல் எனக்குப் பதில் வராது.

மூன்றாம் நாள் அஞ்சலை மட்டும் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை, என் மேசைக்கு வந்தார்.

"வூட்டுல பேச்சே இல்ல சார். 'சாரே போவலாம்னு சொல்ட்டாரு, அப்புறம் இன்னா பேச்சு'ங்கறாரு. நீங்க இந்தப் பக்கம் உக்கார வெச்சீங்கன்னுதான் போவட்டும்னு பேசுனேன். கொஞ்சம் நெசமாவும் பேசுனேன். எது நெசம், எது பேச்சுக்குன்னு சொல்றதுக்குள்ள மணியடிச்சிட்டீங்க."

"நான் விளையாட்டுக்குத்தான்…"

"உங்களுக்கு வெளையாட்டு. ஞாயித்துக்கெழம விழுப்புரத்துல இன்டர்வியூ. வூட்டுலயே வாயைத் தொறக்காத ஆளு அங்க எப்படிப் படிச்சிக் காட்டுவாரு? படிச்சிக் காட்டி, போவ வேணாம்னு நாங்களா முடிவு பண்ணா அது வேற. படிக்கவே வரலன்னு தொரத்திட்டா, ஆயுசுக்கும் அதைச் சொல்லிக்கினே மேல ஏறுவாரு. இல்ல, சொல்லாமயே ஏறுவாரு."

மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அதே தலைப்பை மறுபடியும் போடுங்க. மணி வேணாம். நடுவர் வேணாம். நான் வர்றேன். அவரைக் கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்பு."

அடுத்த நாள் மத்தியானமே திண்டிவனம் போய் இறங்கி, நேரே கட்டட சைட்டுக்குப் போனேன். கிரேன் வானத்தில் இருந்தது. சிக்னல்காரர் எனக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டு, என் கெஞ்சல் தாங்காமல் வாக்கி டாக்கியைக் கொடுத்தார்.

"ஏழுமலை! நான்தான், சார். தாமோதரன். அந்தத் தீர்ப்பு வாபஸ்! கேக்குதா? வாபஸ்!"

கரகரவென்று இரைச்சல். பிறகு மேலிருந்து குரல்: "தள்ளி நில்லுங்க சார். தலைக்கு மேல லோடு வருது."

தள்ளி நின்றேன். ஒரு கட்டு கம்பி நான் நின்ற இடத்தில் பூப்போல இறங்கியது. இன்னொரு முறை வாயை வைத்தேன். "இன்னிக்கு கிளாஸுக்கு வாங்க. அதே தலைப்பு. நான் பேசமாட்டேன்."

நீண்ட இரைச்சல். "நீங்களா?" என்றது வாக்கி டாக்கி. சிக்னல்காரர் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் வந்தார். மேடமும் வந்தார், குடையோடு, பொட்டலத்தோடு. முறைப்படி முந்தைய பேச்சை நான் பலகையில் எழுதியிருந்தேன். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள்: நான் மேலே உட்கார்கிறேன். ஏரியைப் பார்க்கிறேன். ரயிலைப் பார்க்கிறேன். ஒரு வெள்ளை பெட்ஷீட்டைப் பார்க்கிறேன். என் இரண்டு கையும் லீவரில் இருக்கின்றன. கடைசி வரியாக 'நடுவர் போகலாம் என்றார்' என்றும் எழுதியிருந்தேன், நடந்தது நடந்ததுதானே என்று. மேடம் வந்து டஸ்டரை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிய நில்லுங்க, தாமோதரன். ஜன்னல் பக்கம் வேணாம். உங்க நிழல்கூடக் கேள்வி கேக்கும்."

என் வகுப்பு. என் தலைப்பு. நான் வெளியே. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வராண்டாவை நான் பார்த்ததில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு, சலித்துப் படுத்துக்கொண்டது. உள்ளே சரோஜாக்கா குரல், காதர் பாய் குரல். பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாததை நின்று கேட்பது இருக்கிறதே, அதற்குப் பாரம் தூக்கலாம். கதவுப்பிடி வரைக்கும் கை போய்விட்டது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. கையை எடுத்துவிட்டேன்.

அப்போது கேட்டது. துருப்பிடித்த கேட். "ஐ… சிட்… ஹை… அப்." நிறுத்தம். "ஐ சீ… த லேக்." ஒவ்வொரு சொல்லும் கொக்கியில் மாட்டித் தூக்கி, ஆடாமல் கொண்டுவந்து, இறக்கி வைத்ததுபோல வந்தது. வெள்ளை பெட்ஷீட் வரியில் நின்றுவிட்டார். உள்ளே யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. நான் இருந்திருந்தால் மூன்று முறை எடுத்துக்கொடுத்திருப்பேன். பிறகு அந்த வரியும் வந்தது. யாரோ ஒரு பெண் சிரித்தார். பெஞ்ச் நகர்ந்தது. அதற்குப் பிறகு தமிழில் இரண்டு குரல் மாறி மாறி. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடைசிக் கோடியிலிருந்து கேட்காது. அங்கேதான் போய் நின்றுகொண்டேன், நானாகவே.

உள்ளே கூப்பிட்டபோது மேடத்தின் மேசை நிறையத் தோல். உடைக்காத ஒரே ஒரு மல்லாட்டையை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது எனக்கு எதுக்கு மேடம்?"

"இன்னைக்கு நீங்க பேசல."

நிவேதாவிடம் இதையெல்லாம் போனில் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி இரண்டு முறை வந்து சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்ட சார்ஜரைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள், நான் வயரோடு நடந்ததால். தலைப்புப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை என்று நிவேதாவிடம் சொன்னேன். ஆப் கொடுக்கும் தலைப்பையே போடு, மாட்டைப் பற்றி ஒருவர் கேட்டாரே, அவரைப் பிடித்துக்கொள், அவர் மாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேள், கேட்டுவிட்டு உட்கார் என்றேன். போகிற வழியில் வறுத்த மல்லாட்டை வாங்கிக்கொள் என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் சரி சார், அந்த ஏழுமலை போனாரா இல்லையா?" என்றாள்.

இதையேதான் நானும் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலேயே, தேர்வு நடந்த லாட்ஜ் வாசலுக்குப் போய்விட்டேன். வீடு பக்கம்தானே என்று ஒரு சாக்கு. அஞ்சலை படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் எலுமிச்சை சாதத் தூக்கு. நான் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். ஏழுமலை வெளியே வந்தார். படித்துக் காட்டிவிட்டாராம். ஒரு பலகையில் 'தலைக்கு மேல் பாரம், தள்ளி நில்' என்று எழுதியிருந்ததாம். அதற்கு அர்த்தம் கேட்டபோது, எங்கள் வாத்தியாருக்கே நான் அதைச் சொல்லியிருக்கிறேன் என்றாராம். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கூடவே, யோசித்துச் சொல்ல அவகாசமும் கொடுத்திருந்தார்கள்.

புது பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் நடந்தோம். சிமென்ட் பெஞ்சில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து ஒரே தூக்கில் சாப்பிட்டார்கள். ஏதேதோ பேசிக்கொண்டார்கள், ஏழுமலைகூட. எனக்கும் ஒரு மூடி நிறையக் கொடுத்தார்கள். நின்றுகொண்டே தின்றேன். திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அவர்கள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"அப்போ என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? போறாரா, இல்லையா?"

ஏழுமலை அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை தூக்கின் மூடியை அழுத்தி மூடினார்.

"அது எங்க வூட்டு டாபிக்கு சார்."